கொட்டகையை நிரப்பியவர் யார்?



கொள்கை பேசும் நாடகத்துக்குக் கூட்டம் வராது என்கிறான் வணிகன். கூட்டம் வந்துவிட்டதா, அப்படியானால் கொள்கை போய்விட்டது என்கிறார் நம்மவருள் ஒருவர். புதுமை நாடகக் குழு, சீட்டு விற்கும் கொட்டகையில் கால் வைத்தாலே முகஞ்சுளிக்கும் அவருக்கு, கல்கத்தா நகரம் தந்த விடையைச் சொல்லுங்கள்.

உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப், ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்திலே நடித்து, கற்றோர் சிலரின் கைத்தட்டலைப் பெற்ற குழு. அந்தச் சிறு வட்டம் போதாதென்று வங்க மொழிக்கு வந்தது. அதுவும் போதாதென்று, 1959-இல் வடகல்கத்தாவின் மினர்வா கொட்டகையையே குத்தகைக்கு எடுத்தது. ஒருநாள் நடித்து ஒருமாதம் ஓய்வது எளிது. வாரந்தோறும் நடித்து, வாடகையையும் ஊதியத்தையும் வசூலிலிருந்தே கொடுப்பது எளிதா?

அவ்வாண்டின் இறுதியில் அரங்கேறியது ‘அங்கார்’. சுரங்கத்திலே தீ, உள்ளே தொழிலாளர். உயிரைவிட நிலக்கரியே பெரிதென்று நீரைத் திறந்துவிடுகிறது முதலாளித்துவம். ரவிசங்கர் இசையமைத்தார். தபஸ் சென்னின் விளக்கொளி, மேடையிலே வெள்ளமாய் உயர்ந்தது. மக்கள் திரண்டனர். காசு கொடுத்தே திரண்டனர்! கொள்கை குன்றியதா? இல்லை, அதன் குரல் எட்டும் தூரம் வளர்ந்தது.

1965-இல் வந்தது ‘கல்லோல்’. 1946-ஆம் ஆண்டுக் கடற்படை எழுச்சியை மேடையேற்றிய நாடகம். ஆண்டோர் சினந்தனர். பெரும் ஏடுகள் விளம்பரம் ஏற்க மறுத்தன. உத்பல் தத் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். விளம்பரம் இல்லை, ஆசிரியர் வெளியே இல்லை, கொட்டகை மூடப்பட்டதா? “கல்லோல் நடக்கிறது, நடக்கும்” என்று சுவர்கள் பேசின. ஏடு மறுத்த விளம்பரத்தைச் சுவரொட்டி செய்தது, நாடகம் நின்றபாடில்லை.

வெற்றிக்கு விலை இல்லாமலில்லை. வாரந்தோறும் வசூலை நம்பி வாழும் குழுவுக்கு ஓய்வில்லை, தவறிழைக்கவும் உரிமையில்லை. ஏறத்தாழப் பத்தாண்டில் மினர்வா வாழ்வு முடிந்தது. ஆனால் உத்பல் தத் சிறு வட்டத்துக்குத் திரும்பினாரில்லை. பீப்பிள்ஸ் லிட்டில் தியேட்டர் கண்டார். ஊரூராய்ச் செல்லும் ஜாத்ராவுக்கும் எழுதினார். மக்களை நோக்கி நடந்தவருக்குக் கொட்டகை ஒரு படி, கோயிலன்று.

தோழர்களே, நம் ஊரில் புதுக்குழு ஒன்று கொட்டகை எடுத்தால் நாம் செய்வதென்ன? “நம்மவர்தானே” என்று இலவசச் சீட்டுக் கேட்கிறோம். முன்வரிசையில் அமர்ந்து குறை சொல்கிறோம். நான்காம் வாரம் கொட்டகை மூடியதும், “மக்களுக்குச் சுவையில்லை” என்று மக்கள்மீது பழி போடுகிறோம். இது நியாயமா?

பணக்காரன் வாங்கும் சீட்டில் மேடை வாழ்ந்தால், மேடை அவன் சொற்படி ஆடும். உழைப்பாளி வாங்கும் சீட்டில் வாழ்ந்தால், அவன் கதையைச் சொல்லும். கலைஞன் விலைபோனான் என்று குற்றஞ்சாட்டுமுன், அவனுக்கு நாம் சோறிட்டோமா என்று கேட்டுக்கொள்வோம். முதல் வாரத்துச் சீட்டை, காசு கொடுத்து, அண்டை வீட்டாருக்கும் சேர்த்து வாங்குவோம்!