மாத்திரையை நிறுத்துவதா, வைத்தியரைக் கேட்பதா?

நமது நாட்டில் இன்று பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தினம் தவறாமல் மாத்திரை சாப்பிடுகின்றவர் ஒருவராவது இல்லாத தெரு கிடையாது என்றே சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பேரால் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2023-இல் வெளியிட்ட விவரப்படி, நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமார் 31 கோடியே 50 இலட்சம் பேர். இவர்களில் மருந்தை ஆரம்பித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் நடுவில் நிறுத்திக் கொண்டவர்கள் ஏராளம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், ஒருவர் அந்த மாத்திரை இருமலைக் கொண்டு வந்தது என்கிறார். மற்றொருவர் கால் வீங்கிற்று என்கிறார். மூன்றாமவர் வயிறு போயிற்று என்கிறார். நான்காமவரோ தனக்கு எவ்விதக் கெடுதலும் வராமல் இருந்தும், “நாளாவட்டத்தில் கிட்னியைக் கெடுத்துவிடுமென்று எல்லோரும் சொல்கின்றார்களே” என்கிறார்.

இவர்களில் முதல் மூன்று பேர் சொல்வது முற்றும் வாஸ்தவமாகும். அப்படிச் சொல்லுகின்றவர்களை, “அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ச் சாப்பிடு” என்று விரட்டுகின்ற வைத்தியர் தன் தொழிலில் பாதியைச் செய்யாதவர் என்றே சொல்லுவோம். நான்காமவர் சொல்வது மாத்திரம் தலைகீழான பேச்சாகும். ஆனால், உள்ளதைச் சொன்னவர்களும் கேட்டதைச் சொன்னவரும் ஆக நால்வரும் செய்த காரியம் ஒன்றுதான். அதாவது மாத்திரையை நிறுத்தியது. அது தேவையா என்பதே நாம் இங்கு கேட்கும் கேள்வியாகும்.

முதலில் இருமலை எடுத்துக்கொள்ளுவோம். எனலாப்ரில், ராமிப்ரில் என்று “ப்ரில்” என முடியும் பிரஷர் மாத்திரைகள் பல உண்டு. இவற்றின் பிறப்பே ஒரு வேடிக்கையானது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் சக்தி இருப்பதை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதைக் கொண்டு ஆராய்ந்து இந்த இனத்தின் முதல் மாத்திரையான காப்டோப்ரிலைச் செய்தார்கள். 1981-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது உடலிலுள்ள ஒரு இரசாயனக் கத்திரியைத் தடுத்து அழுத்தத்தைக் குறைக்கின்றது. அதே கத்திரி பிராடிகைனின் என்ற மற்றொரு பொருளையும் வெட்டிக் கழிக்க வேண்டியதாதலால், கத்திரி நின்றவுடன் அப்பொருள் தங்கிப்போய்ச் சிலருக்குத் தொண்டை அரித்துச் சளியில்லாத வறட்டு இருமல் உண்டாகின்றது. நூற்றுக்குப் பத்துப் பேர் வரையில் இதைக் காணலாம். இந்த இருமலுக்காக மாதக்கணக்கில் பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடித்தவர்களும், க்ஷயரோகமோ என்று பயந்து படமெடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொன்னால், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் என்ற வேறு இனத்துக்கு மாற்றிவிடுவார். சில வாரங்களில் இருமல் நின்று போகும், பிரஷரும் அடங்கியிருக்கும். உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குமானால் அது வேறு விஷயம். அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கால் வீக்கத்தின் கதை இதைவிட மோசமானதாகும். அம்லோடிபின் என்பது சிறு இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கின்ற மாத்திரை. குழாய் விரிவதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகின்றது. 5 மி.கி. சாப்பிடும்போது தெரியாத வீக்கம் 10 மி.கி. ஆக்கியவுடன் தெரியும். நோயாளி கால் வீங்குகின்றதென்று மாத்திரம் ஒரு இடத்தில் சொல்லுகின்றார். என்ன மாத்திரை சாப்பிடுகின்றார் என்று அங்கு யாரும் கேட்பதில்லை. நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கப்படுகின்றது. குழாய் விரிந்ததால் வந்த வீக்கம் அதற்கு அவ்வளவாக வடிவதில்லை. ஆனால் ஒன்றுக்குப் போய்ப் போய் உடலின் உப்புச் சத்து குறைந்து தலை சுற்றுகின்றது. தலை சுற்றுவதற்கு மூன்றாவது மாத்திரை வருகின்றது. மூன்றாவது மாத்திரை தூக்கத்தைக் கொண்டு வருகின்றது. கடைசியில் வயதான ஒரு அம்மாள் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், “எல்லாம் வயதின் கோளாறு” என்று சொல்லி முடித்துவிடுகின்றார்கள். ஆதியில் அம்லோடிபினின் அளவைக் குறைத்து, அல்லது மேலே சொன்ன “சார்ட்டான்” ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் இவ்வளவும் வேண்டியதேயில்லை. ஒரு மருந்தின் கெடுதலைப் புது வியாதியென்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பது, பேய் பிடித்தவனுக்கு மேலும் சாராயம் கொடுத்து ஆடவிடுவதற்குச் சமானம் என்போம்.

நிற்க, சர்க்கரை மாத்திரைகளுக்கு வருவோம். இவற்றில் மிகுதியும் வழங்குவது மெட்பார்மின். 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற வைத்தியர் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். விலை சொற்பம், பலன் அதிகம், தொந்தரவு வயிற்றில்தான். குமட்டல், பொருமல், பேதி ஆகியவை ஆரம்ப வாரங்களில் பலருக்கு வரும். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால், ஆகாரத்தோடு சாப்பிட்டால், அல்லது மெதுவாகக் கரையும் வகையைக் கேட்டு வாங்கினால் பெரும்பாலோருக்கு இது அடங்கிவிடுகின்றது. மற்றொன்று பல வருஷங்கள் கழித்து வருவது. அதைச் சொல்பவர்கள்தான் குறைவு. இம்மாத்திரை பி12 என்னும் வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கின்றது. அது குறைந்தால் கால் மதமதக்கும், எரியும், நடை தள்ளாடும். இதைச் சர்க்கரையினால் வந்த நரம்புக் கோளாறு என்றே எல்லோரும் தீர்மானித்துவிடுகின்றார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். இந்த வைட்டமின் மாமிசத்திலும் மீனிலும் முட்டையிலும் ஓரளவு பாலிலும் இருப்பதேயொழிய காய்கறியில் இல்லையாதலால், சுத்த சைவம் என்று பெருமை பேசுகின்றவர்கள் இவ்விஷயத்தில் மற்றவர்களைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கிட்னியைக் கெடுக்கும் என்ற வதந்தியோ இன்னும் விபரீதமானது. கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் அடங்காத பிரஷருமேயாகும். பத்து வருஷம் இவ்விரண்டும் உள்ளிருந்து அரித்து வருகின்றன. வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு கிட்னி கெட்டது தெரியவரும்போது, கண்ணுக்குத் தெரிந்த மாத்திரையின் மேல் பழி விழுகின்றது. கிட்னி முன்பே தளர்ந்தவர்களுக்கு மெட்பார்மினின் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் தளர்ந்தவர்களுக்கு நிறுத்த வேண்டும் என்பது உண்மை. இது “நிறுத்தினார்கள், அதனால் இதுதான் கெடுத்தது” என்று வாய்மொழியில் திரிந்து வந்திருக்கலாம். அதற்காகப் பயந்து மாத்திரையை விட்டவர்கள் சில வருஷங்களில் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் போய்ப் படுப்பதுதான் பரிதாபம்.

உயிருக்கே ஆபத்தாவது சர்க்கரை தாழ்ந்துபோவது. இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இதைச் செய்யக்கூடியவை. சாப்பாடு தவறினாலோ, அதிகமாய் உழைத்தாலோ, 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிதற்றல் ஆகியவை வரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடியும் குடித்து, பிறகு ஆகாரம் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் மறைந்து வியர்வை மாத்திரமே அடையாளமாக நிற்கும் என்பதை வீட்டிலுள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு, நெடுநேரம் நின்று வேலை செய்கின்ற கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல. அதையே பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகின்றவர்கள் வேறு மாத்திரைக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

ஏகாதசி, சஷ்டி என்றும், ரமலான் நோன்பென்றும் பட்டினி கிடக்கின்றவர்கள் காலையில் இந்த மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டுப் பகலில் மயங்கி விழுவதுண்டு. விரதத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் இப்பத்திரிகையைப் படிப்பவர்களுக்குத் தெரியுமாதலால் அதை இங்கு வளர்த்த வேண்டியதில்லை. இருந்தே தீருவேன் என்கின்றவர், மாத்திரையின் அளவையும் வேளையையும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும். மாத்திரைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

இனி, “பக்க விளைவே இல்லாதது” என்று விளம்பரம் செய்து விற்பவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் மேலே சொன்ன உண்மையான தொந்தரவுகள்தான் இவர்களுடைய மூலதனம். இருமலுக்கும் பேதிக்கும் பயந்து ஓடுகின்றவனை இவர்கள் வழியில் நின்று பிடித்துக்கொள்கின்றார்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றமாகும். அப்படியிருந்தும், 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார் தலையிட்டுப் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஏப்ரலில் அந்த நிறுவனத்தார் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டார்கள். மூலிகையென்று சொன்னதனாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடுமா? 2008-இல் சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத ஆண்கள் நூறு பேருக்கு மேல் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், நால்வர் மாண்டார்கள். அவர்கள் சாப்பிட்டது ஆண்மைக்கென்று கள்ளத்தனமாய் விற்ற போலி மாத்திரையும் மூலிகை மருந்துகளும். சோதித்துப் பார்த்தபோது அவற்றில் மேலே சொன்ன கிளிபென்கிளமைடே ஏராளமாகக் கலந்திருந்தது. எந்த மாத்திரைக்குப் பயந்து மூலிகையிடம் போகின்றார்களோ அந்த மாத்திரையே, சீட்டில்லாமல், அளவில்லாமல் பொட்டலத்தில் இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இப்படிச் சொல்வதனால் மருந்துக் கம்பெனிக்காரர்களெல்லாம் யோக்கியர்கள் என்று நாம் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். மெட்பார்மினின் உடன்பிறப்பான பென்பார்மின் இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கி உயிரைக் குடித்தது. அமெரிக்காவில் அதை 1977-இலேயே விலக்கிவிட்டார்கள். நமது நாட்டில் தடை வந்தது 2003-இல்! பயோகிளிட்டசோன் என்ற மாத்திரையை 2013 ஜூனில் நிறுத்தி வைத்த நமது சர்க்கார், ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பவும் விட்டுவிட்டார்கள். மருந்தில் கெடுதல் இருப்பது வெளிப்பட்டதெல்லாம், அது வந்தவர்கள் சொன்னதனாலும், கேட்டவர்கள் அதை எழுதி வைத்து எண்ணிப் பார்த்ததனாலுமேயாகும். மருந்துகளின் கெடுதல்களைத் திரட்ட நமது நாட்டில் 2010-இல் ஏற்பட்ட திட்டம் ஒன்று உண்டு. வைத்தியர் மாத்திரமல்லாமல் நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். மனதிற்குள் வைத்துக்கொண்டு மாத்திரையைக் குப்பையில் போடுகின்றவரால் அவருக்கும் பயனில்லை, அடுத்தவருக்கும் பயனில்லை. அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்னிலும் அதிகமாக எகிறி மாரடைப்பில் விடவும் கூடும்.

வைத்தியர்களையும் ஒன்று கேட்கின்றோம். புரியாத பாஷையில் சொல்லிவிட்டுப் போவதையும், ஏன் என்று கேட்டால் கோபிப்பதையும் புரோகிதனிடத்தில் கண்டிக்கின்ற நாம் உங்களிடத்தில் எப்படிப் பொறுப்போம்? ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பார்க்கின்ற சர்க்கார் ஆஸ்பத்திரியில் நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் “இது இருமலைக் கொண்டு வரலாம், வந்தால் நிறுத்தாமல் என்னிடம் வா” என்று சொல்ல எத்தனை விநாடி பிடிக்கும்? 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பித்த “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே பெண் ஊழியர்கள் கொண்டு போய்க் கொடுத்தார்கள். மாத்திரை வாசலுக்கு வருமானால் அதைப் பற்றிய செய்தியும் உடன் வர வேண்டாமா? இன்ன மாத்திரை இன்னதைச் செய்யும், இன்ன தொந்தரவு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே வைத்தியரிடம் சொல், இன்னது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுப்பதற்குச் சர்க்காருக்கு ஒன்றும் பெரிய செலவாகிவிடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை கொண்டு வருகின்ற ஊழியரே, சென்ற மாதம் என்ன தொந்தரவு இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போய் வைத்தியரிடம் கொடுக்கும்படி செய்யலாம்.