நாவல் விஷமா?

நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லுகிற பெரியவர்கள் எல்லா தேசத்திலும் உண்டு. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸனும் அவர்களில் ஒருவர் என்றால் நம்புவீர்களா?

அறிவின் விரோதி இப்படிச் சொல்லியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அடிமைகளல்லாதாரின் குழந்தைகள், ஆணும் பெண்ணும், மூன்று வருஷம் இலவசமாகப் படிக்கவேண்டும் என்று 1779-லேயே வர்ஜீனியாவுக்கு மசோதா தயாரித்த மனிதர் அவர். 1814-ல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனில் காங்கிரஸின் நூல்நிலையத்தை எரித்தது. மறு வருஷம் தம்முடைய 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்குக் காங்கிரஸுக்கு விற்றார். 'இத்தனை புத்தகம் எதற்கு?' என்று சபையில் சண்டை. 81-க்கு 71 என்ற வோட்டில்தான் நிறைவேறிற்று. சட்டம் செய்கிறவனுக்குத் தேவைப்படாத விஷயமே கிடையாது என்பது ஜெபர்ஸனின் கட்சி. என் கட்சியும் அதுவே.

ஆனால் பாருங்கள்: 1771-ல், இருபத்தெட்டு வயதில், ஒருவருக்குப் புத்தக ஜாபிதா எழுதி அனுப்பியபோது அதில் நாவல்களையும் சேர்த்தார். பிள்ளைகளின் கடமையை நீதி நூல்களைவிட லியர் அரசன் நாடகம் நன்றாக உணர்த்தும் என்றும் வாதாடினார். அதே மனிதர் 1818-ல் பெண் கல்வியைப் பற்றி எழுதும்போது, நாவல் மோகம் விஷம் என்கிறார். சில நீதிக் கதைகளுக்கு மாத்திரம் விலக்குத் தருகிறார். ஆண் படித்தால் ஒழுக்கம், பெண் படித்தால் விஷமா? நன்றாயிருக்கிறது நியாயம்!

நாவல் படித்தால் வாழ்க்கையின் நிஜமான காரியங்களில் வெறுப்பு வந்துவிடுமாம். எந்தக் காரியங்களில்? ஆயுளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராயிருந்தவர் அவர். யாருக்குப் போர்வை கொடுத்தது, யாருக்குத் துணி கொடுத்தது என்று பண்ணைக் கணக்கில் தம் கையாலேயே எழுதி வைத்தார். 1826-ல் அவர் இறந்தார். அவர் வைத்துப்போன கடனுக்காக 1827 ஜனவரியில் சுமார் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன. பிள்ளையை விலைக்குக் கொடுத்துவிட்டு நின்ற தாயின் மனசு எந்தப் பண்ணைக் கணக்கில் எழுதியிருக்கிறது? அதை எழுதத்தான் ஐயா, நாவல் வேண்டும்! அப்படிப்பட்ட காரியங்களில் வெறுப்பு வந்தால் வரட்டுமே!

பட்டம் வாங்காதவன் நான். பிறர் துக்கத்தை என் துக்கமாக நினைக்கக் கற்றுக்கொடுத்தவை நாவல்களே. ஆகையால், உங்கள் வீட்டுப் பெண் நாவலும் கையுமாக உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். அவள் முடித்ததும் நீங்களும் வாங்கிப் படியுங்கள்.