மரம் அறுக்க ஆள் வருகிறாரா?

சகோதரிகளே, இந்த வாரம் சமையலறையை விட்டுச் சற்றுக் கொல்லைப்புறத்துக்கு வாருங்கள். பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷினைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது ஆண்பிள்ளைகள் விவகாரம் அல்லவா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நானும் சமீப காலம் வரையில் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். காற்றில் சாய்ந்த முருங்கையையோ, பட்டுப்போன தென்னையையோ அறுக்க ஆள் வருவது காலை ஒன்பது மணிக்கு மேல். வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போயிருப்பார். கேட்டைத் திறந்து விடுகிறவர் யார்? கூலி பேசுகிறவர் யார்? "சீக்கிரமா முடிச்சுடுப்பா" என்று அவசரப்படுத்துகிறவர் யார்? நாம்தானே!

எனக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தவர் என் அத்தை. அவர் இருப்பது ஜீயபுரத்தில். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில், வாழைத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர். ஆடிக் காற்றில் அத்தை வீட்டுக் கொல்லையில் இருந்த பெரிய வேம்பு வேரோடு சாய்ந்து, துவைக்கிற கல்லின் மேல் படுத்துவிட்டது. அதை அறுக்க ஓர் இளைஞர் பைக்கில் வந்து இறங்கினார். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. கையில் மெஷின். கயிற்றை இழுக்கப் போன சமயம் அத்தையின் குரல் கேட்டது.

"ஏம்ப்பா, நில்லு. இந்தக் கோலத்திலேயா அதைத் தூக்கப் போறே?"

"பூட்ஸ், தொப்பி எல்லாம் பையிலே இருக்கும்மா. வெயில் தாங்காது. அரை மணி வேலைதானே?"

"பையிலே இருக்கிற பூட்ஸ் காலைக் காப்பாத்துமா? போட்டுண்டு வா. அரை மணி ஒரு மணியானா ஆகட்டும். இந்த ஊரிலே ஒரு பாட்டி பேரனுக்காகக் காத்துண்டு கதறினது போதும்!"

அத்தை சொன்ன பாட்டியை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு பாட்டி இருந்தாளாம். சவரம் செய்துகொள்ளப் போன பேரனைக் காவிரி வெள்ளம் அடித்துக் கொண்டு போய்விட்டது. "ரங்கா, ரங்கா" என்று அவள் கதறிய கதறலைக் கேட்டுப் பெருமாளே பேரன் வடிவில் வந்து அவள் கையால் சாப்பிட்டாராம். நிஜப் பேரன் கரையேறி வீட்டுக்கு வந்ததும் மறைந்து விட்டாராம். அதை நினைவுகூர்ந்து பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். வேலைக்குப் போன பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்கிற கவலை இந்த ஊருக்குப் பழகிய கவலை.

அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே பையைப் பிரித்தார். முகத்திரையுடன் ஹெல்மெட், காதுக்கு அடைப்பான், பூட்ஸ், தடித்த கால் உறை எல்லாம் இருந்தன! கனமான பாண்டின் மேல் அந்தக் கால் உறையைக் கட்டிக் கொண்டார். அதன் உள்ளே நீண்ட இழைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். செயின் தப்பித் தவறிக் காலில் பட்டால் அந்த இழைகள் சுற்றிக் கொண்டு மெஷினின் பல்சக்கரத்தை நிறுத்திவிடும். லுங்கி அப்படிச் செய்யுமா? அதுவே செயினில் மாட்டிக் கொண்டு காலையும் இழுத்துவிடும்.

அவர் வேலையில் கெட்டிக்காரர். மோர் குடிக்கும்போது மெஷினை எனக்குப் பாடம் நடத்துவதுபோல் காட்டினார். வாள் மாதிரி நீண்டிருக்கிறதே, அதைப் 'பார்' என்கிறார்கள். அதன் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த செயின் ஓடுகிறது. முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர்! அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல்.

இந்த மெஷினுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் மின்சாரத்தில் ஓடுகிற ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலில் ஓடுகிற ரம்பத்தையும் செய்தார். அந்தக் காலத்து மெஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பிறகு 1946-ல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கடித்துக் கொண்டு போவதைக் கவனித்தார். அதே மாதிரி வளைந்த பற்களை ஒன்று இடம், ஒன்று வலம் என்று செயினில் வைத்தார். இன்று நம் ஊரில் கர்ஜிக்கிற மெஷின்களின் பல்லெல்லாம் அந்தப் புழுவின் பல்தான்!

இனி முக்கியமான விஷயம். இந்த மெஷினில் மிகப் பொல்லாத இடம் எது தெரியுமா? பாரின் மூக்கு. அந்த நுனியின் மேல் பாதி ஏதாவது கிளையிலோ கட்டையிலோ இடித்தால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் மேலே துள்ளி, பிடித்திருப்பவர் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். இதை 'உதைக்கிறது' என்கிறார்கள். ஒதுங்கிக் கொள்ளலாம் என்று நினைக்கவே நேரம் இருக்காது. அதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். மெஷின் உதைத்தால் அந்தத் தடுப்பு முன்னால் சாய்ந்து செயினைப் பிரேக் போட்டு நிறுத்தும். பிரேக் வேலை செய்யாத மெஷின் கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

அப்படியானால் வாசலில் நிற்கிற நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, உடுப்பு. கண்ணுக்கும் காதுக்கும் காலுக்கும் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதன் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தினம் கேட்கிற காது நாளடைவில் மந்தமாகி விடும். பக்கத்தில் நிற்கிற உதவியாளுக்கும் காது உண்டு.

இரண்டாவது, கிளப்புகிற விதம். மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடியைப் பூட்ஸால் மிதித்துக் கொண்டு, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்தியபடி கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டு உதறிக் கிளப்புவது வீரமில்லை, விபரீதம்.

மூன்றாவது, பிடிப்பு. இடது கை முன்னால், வலது கை பின்னால். இடதுகைப் பழக்கம் உள்ளவருக்கும் இதேதான். கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் ஏறி நின்று அறுக்கவே கூடாது. "நம் வீட்டு ஏணி இருக்கிறதே, தரட்டுமா?" என்று உபகாரம் செய்யாதீர்கள்.

நான்காவது, சுற்றுப்புறம். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். நிற்கிற மரத்தை வீழ்த்துவதானால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. மின்கம்பி உரசுகிற மரமானால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வேலை.

சாய்ந்து கிடக்கிற மரம் சாதுவாகத் தோன்றும். அதை நம்பாதீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், அடிக்கட்டை வேர் மண்ணோடு படீரென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே உட்கார்ந்து விடுவது உண்டு. அத்தை வீட்டு வேம்பு அப்படித்தான் செய்தது. "அந்தக் குழிப்பக்கம் யாரும் போகாதீங்க" என்று இளைஞர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அந்தக் குழியில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையில் மண் தோண்டி விளையாடினார்கள்! நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கட்டையை அறுப்பதிலும் சூட்சுமம் உண்டு. இரண்டு முனையும் தாங்கலில் இருந்தால் முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து மேல்நோக்கி. ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் முதலில் கீழே, பிறகு மேலே. மாற்றிச் செய்தால் கட்டை பாரைக் கவ்விக் கொள்ளும், அல்லது பிளந்து எகிறும். வளைந்து அழுந்திக் கிடக்கிற கிளை, இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அரசு அறிவித்த நிவாரணம் ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய். அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. அப்புறப்படுத்துவதே எத்தனை பெரிய வேலை என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? தென்னையின் வெளிப்பக்கம் இரும்பு போல் கடினம். செயினின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். கூர் மழுங்கினால் அறுப்பவர் பலங்கொண்டு அழுத்துவார். அழுத்தும்போதுதான் கை தவறும்.

கூர் இருக்கிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம். கீழே விழுவதைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி சீவல் சீவலாக விழுந்தால் கூர் நன்றாக இருக்கிறது. கோலமாவு மாதிரி தூளாக விழுந்தால் நிறுத்தி அரம் போடச் சொல்ல வேண்டும்.

சிலர் வீட்டில் தோப்புக்காக மெஷினையே வாங்கி விடுகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தை.

இதற்கு வெறும் பெட்ரோல் ஆகாது. 2டி ஆயில் கலக்க வேண்டும். பல மெஷின்களுக்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சிலவற்றுக்கு 40 மில்லி. கூட வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே வேதவாக்கு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிப் போகும். கலந்ததை மாதக் கணக்கில் வைக்காதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக் கொள்ளும். எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய்க் கிளப்ப வேண்டும். அருகில் பீடி, சிகரெட், பூஜை விளக்கு எதுவும் கூடாது.

செயினுக்கு வேறு எண்ணெய், வேறு டாங்கி. பெட்ரோல் ஊற்றுகிற போதெல்லாம் இதையும் நிரப்புங்கள். செயின் பாரோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறை போட்ட கையால் இழுத்தால் நகர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கழன்று அடிக்கும். சூட்டில் செயின் நீளும் என்பதால், வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி விடுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது சுருங்கி இறுகும்.

கூர் தீட்ட உருண்டை அரம். செயினுக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் அதிகம் தீட்டினால் அறுப்பு கோணலாகப் போகும். காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்து வையுங்கள். பாரின் பள்ளத்தில் அடைந்த தூளைச் சுரண்டி எடுங்கள். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். நெடுநாள் வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிட்டு, பாருக்கு உறை மாட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

எல்லாம் மீறி வெட்டுப் பட்டுவிட்டால்? காபிப் பொடியும் மஞ்சளும் தேடி ஓடாதீர்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். மற்றொருவர் உடனே 108-ஐக் கூப்பிடட்டும்.

அன்று வேலை முடிய இரண்டரை மணி ஆயிற்று. அரை மணி வேலை என்றாரே, பார்த்தீர்களா! கூலியை வாங்கிக் கொண்டு அந்த இளைஞர் சொன்னார்: "எல்லா வீட்டிலேயும் எப்போ முடியும்னுதாம்மா கேட்பாங்க. மணிக்குக் கணக்குப் பார்ப்பாங்க. இதெல்லாம் மாட்டிக்கிட்டு நிதானமா செஞ்சா, சோம்பேறின்னு சொல்லி அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அதான் பையிலேயே வெச்சுக்கிறது."

எனக்குச் சுரீரென்றது. போன வருஷம் எங்கள் வீட்டு முருங்கையை வெட்ட வந்த ஆளிடம், மாவு மில்லுக்குப் போக வேண்டும் என்று நான் போட்ட அவசரம் நினைவுக்கு வந்தது. அவர் காலில் என்ன போட்டிருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை.

அத்தை அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மோர்சாதமும் மாவடுவும் போட்டார். பாதிச் சாப்பாட்டில் அவர் செல்போன் மணி அடித்தது. "சாப்பிட்டேம்மா. முடிஞ்சுது. இதோ வந்துடறேன்" என்றார்.

அடுத்த தடவை உங்கள் வாசலில் மெஷினோடு ஆள் வந்து நின்றால், கூலி பேசுவதற்கு முன்னால் பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதை மாட்டிக் கொள்ள ஐந்து நிமிஷம் கொடுங்கள்.