ஆடியிற் பெருகாத ஆறு

ஆற்றுக்கு விழா எடுப்பது கீழைத்தேயத்தாரின் பழவழக்கம். தாய்லாந்து மக்கள் கார்த்திகை மாதத்தை ஒட்டிய பௌர்ணமியிலே வாழைத்தண்டில் விளக்கேற்றி ஆற்றில் மிதக்கவிடுவர். காவிரிக்கரையினருக்கு ஆடிப்பதினெட்டு. புத்தளத்திற்கு வடக்கே எலுவன்குளத்தில் ஆடிப்பெருக்குக் கொண்டாட விரும்புவோர் கலா ஓயாவிலே மணலைத்தான் மிகுதியாகக் காண்பர்.

காரணம் எளிது. குடகு மலையில் மழை பொழிந்து காவிரியைப் பெருக்கும் தென்மேல் பருவக்காற்று, நமது வடமேற்குக் கரையை வறண்ட காற்றாகவே கடந்து செல்கிறது. இங்கே மழை ஐப்பசியில்தான் வலுக்கும். ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவவைத் தன் வழியிற் கொண்ட இவ்வாறு, ஏறக்குறைய 148 கிலோமீற்றர் ஓடிப் புத்தளம் களப்பின் வடபாகத்திற் கலக்கின்றது. மாரியில் ராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறந்துவிட்டால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீருள் மறைந்துவிடும். அக்கரைப் பயணம் அத்துடன் நின்றுவிடும்.

இதை மனத்திற் கொண்டு இப்பகுதித் திருவிழாக்களைப் பாருங்கள். உடப்புத் திரௌபதியம்மன் தீமிதி ஆடியில். தலவில அன்னம்மாள் பெருவிழாக்கள் பங்குனியை ஒட்டி ஒன்று, ஆடியில் ஒன்று. முன்னேசுவரத்தின் இருபத்தெட்டு நாள் உற்சவம் ஆவணியில் நிறைவெய்தித் தெதுறு ஓயாவில் தீர்த்தமாடுகிறது. சிங்கள மக்களும் அங்கே திரளாக வருவர். அவ்வவற்றுக்குச் சமயக் காரணம் வேறு வேறாயினும், எல்லாம் பாதை காய்ந்திருக்கும் மாதங்களிலேயே அமைந்திருப்பதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கலா ஓயாவுக்கு அப்பால் வில்பத்து வனம். 1938 இல் தேசிய பூங்காவாகிய இக்காடு, போரின் காரணமாக 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. மழைநீர் தேங்கும் இயற்கை ஏரிகளாகிய வில்லுகளே இதன் சிறப்பு. வண்ணாத்திவில்லு என்ற ஊர்ப்பெயரிலுள்ளதும் அதே வில்லுத்தான். கரடியும் சிறுத்தையும் உலவும் இவ்வனத்திலே பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. அதன் திருவிழாவுக்குச் செல்வோர் எலுவன்குளத்தில் ஆற்றைக் கடந்து காட்டினூடே போகின்றனர். மன்னார் செல்லும் அப்பழைய பாதையை எக்காலமும் திறந்துவிட வேண்டுமென்பாரும் உளர்; காடு கெடுமென்று நீதிமன்றம் வரை சென்றோரும் உளர். என்னைக் கேட்டால், ஆறு வழிவிடும்வரை காத்திருந்து தரிசிப்பதில் அடியார்க்கு இழப்பொன்றுமில்லை. யானைக்கும் மானுக்கும் இராப்பகல் ஓடும் வாகனங்களால் இழப்பு உண்டு.

ஆற்றின் வழியே இன்னும் கீழே சென்றால் கங்கேவாடிய என்னும் மீனவர் சிற்றூர். அதனருகே கண்டலும் தில்லையும் இருபுறமும் அடர்ந்து, படகு செல்லும் நீரைப் பச்சையாக்கி நிற்கும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை இதுவே. அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. ஆதலால் வேடிக்கைக்கும் கிளை ஒடிக்க வேண்டாம். இம்மரங்களின் வேர்களுக்கிடையேதான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 1980களில் களப்பைச் சுற்றி இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்களை வெட்டினார்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணை இறால்கள் மாண்டன. குளங்கள் பல கைவிடப்பட்டன. வெட்டிய மரம் திரும்பவில்லை. கலா ஓயா முகத்துவாரத்தின் கண்டல்கள் இன்றும் நிற்கின்றன.

காணச் செல்வோர் ஆடி ஆவணியிற் செல்க. மார்கழியிற் செல்வதானால் பாலத்தின்மேல் நீர் எவ்வளவு என்று முதலில் ஊராரைக் கேட்டுக்கொள்க.