தகுதியின் விலை 40,000 பவுண்டு

இடஒதுக்கீடு என்றாலே ‘தகுதி போச்சு, திறமை போச்சு’ என்று ஒப்பாரி வைக்கும் ஆதிக்கச் சாதிப் பணக்காரர்கள், தங்கள் பிள்ளைகளைப் பெட்டி கட்டி அனுப்பும் இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் தனியார் உறைவிடப் பள்ளி. நம் பிளஸ் டூவுக்கு இணையான ‘ஏ லெவல்’ படிப்பை இரண்டு ஆண்டு அங்கேயே தங்கிப் படித்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் என்று நுழைகிற வழி அது. கட்டணம் சராசரியாக ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து அதன்மேல் 20 விழுக்காடு வரி வேறு.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? அப்படியொரு பள்ளியில் சில காலம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். மாலையில் சந்தேகம் கேட்கத் தனி ஆசிரியர். விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்விவரக் கட்டுரையை வரிவரியாகப் பார்த்துக் கொடுக்க ஓர் ஆள். நேர்காணலுக்கு முன் ஒத்திகை நேர்காணல்கள். இவ்வளவும் செய்து வாங்கும் இடத்துக்குப் பெயர் தகுதி. ஆசிரியரே இல்லாத இயற்பியல் வகுப்பிலிருந்து ஒரு சேரிப்பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குப் போனால் அது ‘சலுகை’!

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு ஏழை மாணவர்களுக்கு மதிப்பெண்ணைத் தளர்த்தியே இடம் தருகின்றன. வசிக்கும் பகுதி, படித்த பள்ளி எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். அங்கே பிள்ளையைச் சேர்க்கும் நம்மவர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இங்கே திரும்பி வந்ததும் நாக்கு நீளும்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பவர்களுக்கு ஒன்று. பெற்றோர் வரும் நாளில் என்னிடம் ஒரு தமிழ்க் கனவான் கேட்ட முதல் கேள்வி, “சாருக்கு ஊர்ல எந்தப் பக்கம்?” சொன்னேன். அடுத்த கேள்வி, “அங்க எந்தத் தெரு?” மகனுடைய கணக்கு மதிப்பெண் மூன்றாவதாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தலைமையாசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் தொங்கிய சமத்துவக் கொள்கையில் இனம், மதம், பாலினம் எல்லாம் இருந்தன, சாதி இல்லை.

சட்டத்திலும் அப்படித்தான். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் அரசுக்குக் கட்டளையிட்டது. இந்து அமைப்புகள் எதிர்த்து நின்றன. 2018-இல் அரசு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது. நீதிமன்றத்துக்குப் போய் நிரூபித்துக்கொள் என்று 16 வயது மாணவனிடம் சொல்வது என்ன நியாயம்?

அந்த விடுதிகளில் தலித் பிள்ளை அரிதாக இருப்பதும் தற்செயலல்ல. பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. பள்ளிப் பருவத்திலேயே திறக்கும் இந்த வாசலுக்கு அப்பன் பணம்தான் சாவி.

இந்தியப் பெற்றோரின் பவுண்டை வாங்கும் பள்ளிகள், அவர்களோடு வந்து இறங்கும் சாதிக்கும் பொறுப்பேற்க வேண்டும். கேலி, துன்புறுத்தலுக்கு எதிரான விதிகளில் அந்தச் சொல்லை எழுதச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் அரசை எதிர்பார்க்காமல் தானாகவே எழுதிக்கொண்டது.