கொழந்தைச் சாமான் கடை போடப் போறீங்களா?

பொட்டி தட்டுற பயலுங்க ரெண்டு பேரு டீ குடிக்கப் போனா, டீ ஆறுறதுக்குள்ள "சொந்தமா ஏதாச்சும் பண்ணணும் மச்சி"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சுருவான். முன்னாடி ஆர்கானிக் கடைன்னானுங்க. அப்புறம் டீக்கடை ஃபிரான்சைஸ். இப்ப எங்க கூட்டத்துல ஓடிக்கிட்டிருக்கறது குழந்தைப் பொருட்கள் கடை. அதுல ஒருத்தன் பேச்சோட நிக்காம, ஈரோட்டுல பெருந்துறை ரோடு பக்கம் இடம் பார்த்து, பி.எஃப். பணம், வீட்டம்மா நகைன்னு கணக்குப் போட்டு 18 லட்சம் வரைக்கும் திரட்டிட்டான். எக்செல் ஷீட் ஒண்ணும் அனுப்பி வெச்சிருக்கான். அதைப் பார்த்ததுல இருந்து மனசுல ஓடுறதைத்தான் இங்க எழுதறேன்.

ஷீட்டோட முதல் வரியே "இந்தியாவில் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை". ராசா, நீ கடை போடப் போறது தமிழ்நாட்டுல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இங்க ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தை. மக்கள்தொகை ஏறாம இறங்காம நிக்கறதுக்கே 2.1 வேணும். இதைச் சொன்னா, "கம்மியாப் பெத்துக்கறதால ஒவ்வொரு பிள்ளைக்கும் அள்ளி விடுவாங்கடா"ங்கறான். நெசந்தான். ஆனா அந்தக் காசு அவன் கல்லாவுக்குத்தான் வரும்னு யார் சொன்னா?

பெரிய கைங்க பட்ட பாட்டைப் பாருங்க. மஹிந்திரா குழுமம் 2009ல 'மாம் அண்ட் மீ'ன்னு கடைங்க தொடங்கினாங்க. 2015ல பேபிஓய்யை வாங்கிச் சேர்த்துக்கிட்டாங்க. அடுத்த வருசமே மொத்தத்தையும் ஃபர்ஸ்ட்க்ரைகிட்ட குடுத்துட்டு வெளில வந்துட்டாங்க. 2010ல ஆரம்பிச்ச ஃபர்ஸ்ட்க்ரை 2024 ஆகஸ்ட்ல பங்குச்சந்தைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின நிதியாண்டுல (2023-24) வருமானம் கிட்டத்தட்ட 6,480 கோடி, நட்டம் 321 கோடி! அவ்ளோ பெரிய ஆளே இப்படின்னா, நம்மாளு 18 லட்சத்தை வெச்சுக்கிட்டு அதே விளையாட்டை ஆட முடியாது. வேற விளையாட்டு ஆடணும். அது என்னங்கறதுதான் கேள்வி.

அவன் ஷீட்ல பாதி விற்பனை டயப்பர். வேகமா ஓடுற சரக்குதான், மறுக்கல. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வாடகை 25 ஆயிரம், ரெண்டு பசங்க சம்பளம் 24 ஆயிரம், கரண்ட்டு, மத்ததெல்லாம் 6 ஆயிரம்னு வெச்சுக்குவோம். மாசம் 55 ஆயிரம். 700 ரூபா பாக்கெட்டுல கைல 70 ரூபா நிக்குதுன்னா, கடையைத் தொறந்து மூடுறதுக்கே தெனம் 26 பாக்கெட் விக்கணும். அதுக்கு மேல வித்தாத்தான் வீட்டுக்கு அரிசி பருப்பு. இதுல வர்றவங்க போனை நீட்டி "இதே பாக்கெட் ஆன்லைன்ல 560தான் போட்டிருக்கு"ம்பாங்க. எதிர்ல பொட்டிக்கடைல ரெண்டு பீஸ் சரமாத் தொங்கும். ஊருக்கெல்லாம் ஒரே சரக்கு, விலையைத் தவிர நீங்க காட்ட வேற ஒண்ணும் இல்ல.

சைஸ் கொடுமை வேற. புதுசாப் பொறந்தது, ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல். இதை மூணு கம்பெனியால பெருக்குங்க. அதை பேண்ட், ஒட்டறதுன்னு ரெண்டால பெருக்குங்க. அப்புறம் 5 பீஸ், 20 பீஸ், 60 பீஸ்னு பாக்கெட் அளவால பெருக்குங்க. ஒரே சாமானுக்கு 90 வகை. டேட்டாபேஸ்ல இதுக்கு ஒரு டேபிள் போதும். கடைல அலமாரி வேணும், முடங்கிக் கெடக்கப் பணமும் வேணும்.

சரி, வேற விளையாட்டுன்னு சொன்னேனே. நம்ம ஊர்ல குழந்தைச் சாமானை யாரு, எப்ப வாங்கறாங்கன்னு பாருங்க. வயித்துல இருக்கும்போது யாரும் ஒண்ணும் வாங்க மாட்டாங்க. "பொறக்கறதுக்கு முன்ன வாங்கி வெக்கக் கூடாது"ன்னு அப்பத்தாவும் சொல்லும், அமெரிக்கா போய்ட்டு வந்த மாமியாரும் சொல்லும். பழைய வேட்டித் துணியைத் துவைச்சு மடிச்சு வெக்கறதோட சரி. பொறந்த அடுத்த நிமிஷம்தான் ஓட்டம். ராத்திரி 9 மணிக்கு நர்ஸ் எழுதிக் குடுத்த சீட்டைக் கைல வெச்சுக்கிட்டு, எந்தக் கடைன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு ஒரு அப்பங்காரன் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான். அவன் ஆன்லைன்ல பார்க்க மாட்டான். அவனுக்கு நாளைக்கு டெலிவரி வேணாம், இப்ப வேணும்.

அடுத்த மூணு மாசம் பொண்ணு அம்மா வீட்டுல. வாங்கறது பாட்டி, சித்தி, தாய்மாமன். பேர் வெக்கற அன்னிக்கு ஒரு கூட்டம், தொட்டில் போடறதுக்கு ஒரு கூட்டம். பாட்டிக்கு பிராண்டு தெரியாது, துணியைத் தடவிப் பார்க்கத் தெரியும். தையல் உறுத்துதான்னு உள்பக்கம் திருப்பிப் பார்க்கும். இதை எந்த ஆப்பும் குடுக்க முடியாது. மூணு மாசம் கழிச்சு பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பினதும் போன் அவ கைக்கு வந்துரும். அதோட அந்த வாடிக்கையாளர் உங்களுக்கில்ல.

என் கட்சி இதுதான்: சின்ன ஊர்ல ஒரு குழந்தைக்கடைக்குச் சொந்தமானது அந்த முதல் மூணு மாசம் மட்டுந்தான். அதுக்கு மட்டும் கடை போடுங்க. ரெண்டு வயசு வரைக்கும் எல்லாம் இருக்கற கடை போட்டா ஃபர்ஸ்ட்க்ரையோட சண்டை, தோத்துருவீங்க.

அப்ப சரக்கு என்ன? முடிச்சுப் போடற ஜப்லா, கட்டுத்துணி, துண்டு, கொசுவலை மெத்தை. திருப்பூர் பக்கத்துலயே இருக்கு, ஈரோட்டுலயே கனி மார்க்கெட் இருக்கு. துணில நிக்கற மார்ஜின் டயப்பர்ல கனவுல கூட நிக்காது. (ஃபர்ஸ்ட்க்ரையே பேபிஹக்னு சொந்தப் பேர்ல துணியும் மத்ததும் விக்கறது சும்மாவா?) அப்புறம் பாலாடை, அரைஞாண் கயிறு, கருப்பு வளையல், வசம்பு வளையல், கிலுகிலுப்பை. முக்கியமா தூளிக்கு ஸ்பிரிங்கும் கட்டையும். சேலை வீட்டுல இருக்கும், இது ரெண்டும் இருக்காது. டயப்பரும் வைங்க, வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதுங்கறதுக்காக. ஆனா கடை அதை நம்பி ஓடக் கூடாது. ராத்திரி 10 மணி வரைக்கும் தொறந்திருக்கணும், பிரசவ ஆஸ்பத்திரில இருந்து நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். தனியார் ஆஸ்பத்திரியா இருந்தா இன்னும் நல்லது. அரசு ஆஸ்பத்திரில பொறக்கற குழந்தைக்குத் துண்டு, உடுப்பு, மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்புன்னு 16 பொருள் இருக்கற பெட்டகத்தை அரசாங்கமே குடுக்கற திட்டம் 2015ல வந்துச்சு. நல்ல திட்டம். கடைக்காரனுக்குத்தான் போட்டி :-)

ஷீட்ல ஸ்ட்ரோலருக்கு மட்டும் 2 லட்சம் ஒதுக்கியிருக்கான். டேய், பெருந்துறை ரோட்டுல அதைத் தள்ளிக்கிட்டு நீ ஒரு கிலோமீட்டர் நடந்து காட்டு, நானே ஒண்ணு வாங்கிக்கறேன். நம்ம சனம் குழந்தையைக் கூட்டிட்டுப் போறது டூவீலர்ல. 4 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளையை வண்டில ஏத்துனா பெல்ட் மாதிரி சேஃப்டி ஹார்னெஸ் போடணும்னு 2023 பிப்ரவரில இருந்து விதி இருக்கு. எத்தனை கடைல அதைப் பார்த்திருக்கீங்க? மூணு மாசக் கணக்குக்கு வெளியில நான் வெக்கச் சொல்ற ஒரே சாமான் அதுதான்.

இனிமே சொல்றதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விசயம். திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் மாதிரி அடிச்சு அனுப்பியிருந்தான்: "முதல் 100 பேருக்கு ஃபீடிங் பாட்டில் இலவசம்". பால்புட்டி, பால்பவுடர், ரெண்டு வயசு வரைக்குமான குழந்தை உணவு, இதுக்கெல்லாம் விளம்பரமோ இலவசமோ எதுவும் குடுக்கக் கூடாதுன்னு 1992ல சட்டம் வந்து, 2003ல அதை இன்னும் இறுக்கிட்டாங்க. மீறினா 3 வருசம் வரைக்கும் உள்ள போகலாம். நல்லவேளை, அச்சுக்குப் போகல. அதே மாதிரி பொம்மை. 2021 ஜனவரில இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விக்கறதே குற்றம், 2 லட்சத்துக்குக் குறையாம அபராதம் வரலாம். மொத்த மார்க்கெட்ல மூட்டைல அள்ளிட்டு வந்து சிக்கினா மூலதனத்துல ஒன்பதுல ஒரு பங்கு காலி.

சட்டம் கெடக்கட்டும். வாக்கருக்கு நம்ம ஊர்ல தடை இல்ல. கனடாவுல 2004லயே விக்கக் கூடாதுன்னுட்டாங்க, படில உருண்டு மண்டை உடைஞ்ச பிள்ளைங்க அவ்ளோ பேர். ஆனா தாய்மாமன் சீர்ல வாக்கர் கட்டாயம் இருக்கு, பார்க்கப் பெருசா இருக்கும், மார்ஜினும் உண்டு. நான் அதை வெக்காதேங்கறேன். கேட்டு வர்ற மாமன்கிட்ட மர நடைவண்டியைக் காட்டு, பிள்ளை தானா நின்னு தள்ளும்.

பால்பவுடர்லதான் நிஜமான சண்டை. பிரசவமாகி மூணாம் நாள் "பால் பத்தல, பிள்ளை அழுவுது"ன்னு பாட்டி கடைக்கு ஓடி வரும். டின்னை எடுத்துக் குடுத்தா அந்த வீட்டுல மாசாமாசம் டின் ஓடும், முதல் மூணு மாசத்துல அதுதான் நிச்சயமான வருமானம். புட்டி பழகிட்ட பிள்ளை மார்ல குடிக்காது, குடிக்காததால பால் சுரக்கறது குறையும். டின்னே டின்னை விக்கும். தண்ணி சரியில்லாத வீட்டுல பேதி வேற. டாக்டர் சீட்டு இருந்தாத் தவிர குடுக்காதே, நர்ஸ்கிட்டத் திருப்பி அனுப்புன்னேன். "நான் குடுக்கலன்னா பக்கத்து மெடிக்கல்ல வாங்கிருவாங்கடா, என் கடைல பாக்கி 20 சாமான் வாங்கறவங்களும் அங்கயே போய்ருவாங்க"ங்கறான். அவன் சொல்றதுலயும் கணக்கு இருக்கு. போடறது அவன் வீட்டம்மா நகை, என்னோடது இல்ல. ஆனாலும் நான் விட்டுக் குடுக்கறதா இல்ல. மூணாம் நாள் திருப்பி அனுப்பின கடைக்காரனை அந்தப் பாட்டி மறக்காது, அடுத்த பேத்தி பொறக்கும்போது தெரு முழுக்கச் சொல்லும்னு நினைக்கறேன். அதை எக்செல்ல எந்தக் கட்டத்துல போடறதுன்னு அவன் கேக்கறான்.

ஸ்ட்ரோலரைத் தூக்கிட்டான், பாட்டில் நோட்டீஸைக் கிழிச்சுட்டான். வாக்கர் "ரெண்டே ரெண்டு வெக்கறேன்"ங்கறான். டின் பேச்சு இன்னும் முடியல. இடத்துக்கு அட்வான்ஸ் அடுத்த மாசம் குடுக்கணும். ஈரோடு, சேலம், கரூர் பக்கம் இந்த மாதிரி கடை நடத்தற சொந்தக்காரங்க யாருக்காச்சும் இருந்தா, டின் விஷயத்துல அவங்க என்ன பண்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க மக்கா.