சொல்லும் எண்ணும்



பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1982 நவம்பர் 2 அன்று தொடங்கிய போட்டி ‘கவுண்ட்டவுன்’. ஒன்பது எழுத்துகளிலிருந்து மிக நீண்ட சொல்லைக் கண்டடைய வேண்டும். ஆறு எண்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் குறித்த மூன்றிலக்க எண்ணை எட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 30 வினாடிகளே. சொன்ன சொல் அகராதியில் இல்லையெனில் மதிப்பெண் இல்லை. வெற்றி பெற்றவருக்குக் கிடைப்பதோ பெரும் பணமன்று, ஒரு தேநீர்க் கெண்டி!

அழிவுள்ள பரிசுக்கே இத்தனை கவனமெனில், நாம் எப்படிப்பட்டவர்களாய் இருக்கவேண்டும்? வீண் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு என்றார் ஆண்டவர் (மத்தேயு 12:36). தன் நாட்களைக் கணக்கிடக் கற்றுத்தரும்படி ஜெபித்தான் மோசே (சங்கீதம் 90:12).

பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நமக்கு, வேலை முடிந்து குடும்பத்தோடு பேசக் கிடைப்பது சொற்ப நேரமே. அதையும் கடுஞ்சொல்லில் செலவழிக்கலாமா? பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்று நீர்போல நாட்கள் ஓடுகின்றன. ஓடிய நீர் திரும்புவதில்லை. இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்து, குடும்பமாய் ஜெபியுங்கள். ஊரில் காத்திருக்கும் பெற்றோரிடம் தொலைபேசியில் அன்பாய் நாலு வார்த்தை பேசுங்கள்.

கர்த்தர் உங்கள் நாவையும் நாட்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.